சந்திரமதியின் தாலி: பினாங்கில் ஐந்து நாள்

முதல் நாள், புதன் இரவு

கிள்ளானிலிருந்து இருட்டோடு கிளம்பி, கேஎல் சென்ட்ரலில் ரயில் பிடித்து, பட்டர்வொர்த்தில் இறங்கும்போது வெயில் நன்றாக ஏறியிருந்தது. பாலம் வழியாகவும் போகலாம்தான், ஆனால் பினாங்குக்கு ஃபெரியில் போகாவிட்டால் எனக்குப் போன மாதிரியே இருக்காது. கரையில் மாமா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். "வெயில்ல அவரைக் கூட்டிக்கிட்டு அலையாதம்மா, தூசி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அத்தை போனிலேயே சொல்லிவிட்டார். அலையத்தான் வந்திருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது.

விஷயம் இதுதான். எங்கள் பகுதிப் பிள்ளைகளை வைத்து அரிச்சந்திரன் நாடகத்தின் மயான காண்டத்தை மட்டும் மேடையேற்றப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். கதை உங்களுக்குத் தெரியும். நாடு போய், மனைவியையும் மகனையும் காசியில் விற்று, தானும் வீரபாகுவுக்கு அடிமையாகிச் சுடுகாடு காக்கிறான் அரிச்சந்திரன். பாம்பு தீண்டிச் செத்த பிள்ளை லோகிதாசனைச் சந்திரமதி தூக்கிக்கொண்டு வருகிறாள். கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கொடுத்தால்தான் எரிக்க விடுவேன் என்கிறான். என்னிடம் ஒன்றுமே இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொடு என்கிறான். அந்தத் தாலி அவள் கணவனைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. எதிரே நிற்பவன் யார் என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்துவிடுகிறது.

போன வாரம் ஒத்திகையில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், தாலி அரிச்சந்திரனுக்கு மட்டும்தான் தெரியும்னா, பார்க்க வந்தவங்களுக்குத் தெரியணுமா, தெரியக்கூடாதா?"

இத்தனை வருஷம் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறேன், படித்திருக்கிறேன், அழுதிருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் அன்றைக்கு ஒத்திகையை முடித்துவிட்டேன். மாமாவின் அப்பா ரப்பர் தோட்டத்து நாடகங்களில் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேஷம், போட்டவர், மாமா எழுபதுகளில் சினிமாக் கொட்டகைகளுக்கு பேனர் வரைந்தவர். அதனால்தான் லீவு போட்டு வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் மாமாவிடம் சொன்னேன். நல்ல கேள்வி என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் போய்விட்டார்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் பசியாறிவிட்டு, வெயில் ஏறுமுன் கேனன் ஸ்கொயரில் இருக்கும் கூ கொங்சிக்குப் போனோம். கூ குடும்பத்துச் சீனர்களின் குலக்கோயில். முன்பு இருந்தது 1901இல் தீப்பிடித்து எரிந்துபோனது. அரசனின் மாளிகை அளவுக்கு ஆடம்பரமாகக் கட்டியதால் வானத்துக்குப் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். அதனால் 1906இல் முடித்த இப்போதைய கட்டடத்தைக் கொஞ்சம் அடக்கமாகக் கட்டினார்களாம். அந்த 'அடக்கத்தை' நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். கூரை முழுக்கப் பறவையும் நாகமும் வீரர்களுமாக, ஒரு விரல் வைக்க இடமில்லாமல் வேலைப்பாடு.

எல்லாரும் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா என்னை முற்றத்தின் நடுவில் நிறுத்தித் திருப்பிவிட்டார். கோயிலுக்கு நேர் எதிரே, முற்றத்தின் மறுபக்கத்தில், ஒரு மேடை. சீன ஓபரா நடக்கும் மேடை. "இப்போ நீ யாருக்கு முதுகு காட்டிக்கிட்டு நிக்குறே?" என்றார். சாமிக்கு. "அப்போ நாடகம் யாருக்கு?"

அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. நடிகர்கள் சாமியைப் பார்த்துத்தான் ஆடுகிறார்கள். நாம் நடுவில் புகுந்து, வேறொருவருக்காக நடப்பதை எட்டிப் பார்க்கிறோம். சீனர்களின் ஏழாம் மாதத்தில் பேய்களுக்காகக் கூத்து நடக்கும்போது முன்வரிசை நாற்காலிகளைக் காலியாக விட்டுவிடுவார்கள். அது பினாங்கில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும், சின்ன வயதில் தெரியாமல் போய் உட்கார்ந்து அடி வாங்கிய கதைகளும் நிறைய உண்டு. நம் ஊர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்திலும் இதே ஏற்பாடுதானே, அம்மன் பார்க்கத்தான் ஆடுகிறார்கள். இதை வெறும் பக்தி வழக்கம் என்று சொல்லி நான் கடந்து போயிருக்கிறேன். அந்த முற்றத்தில் நின்றபோது, நடிப்பு முழுவதையும் தீர்மானிக்கிற விஷயமே இதுதான் என்று பட்டது. யார் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தானே எதைக் காட்டுவது என்று முடிவாகும்!

திரும்பும் வழியில் ஆர்மேனியன் ஸ்திரீட். சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் சுவர் ஓவியத்தைப் பார்க்காமல் பினாங்கை விட்டு யாரும் போவதில்லை. லித்துவேனியாவில் பிறந்த எர்னெஸ்ட் சகரேவிச் 2012இல் ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்தது. அக்காவும் தம்பியும் ஓவியம், சைக்கிள் மட்டும் நிஜமானது, சுவரில் பொருத்தி வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க நீண்ட வரிசை. ஒவ்வொருவரும் போய், சைக்கிளைப் பின்னால் இருந்து பிடித்து இழுக்கிற மாதிரி நின்று, படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். முன்பெல்லாம் எனக்கு இதைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கும், ஓவியத்தை யாருமே பார்ப்பதில்லையே என்று. மாமா அப்படி நினைக்கவில்லை. "அந்த சைக்கிள் நிஜமா இருக்குறதாலதான் ஆளுக்குக் கை போகுது. கை போற மாதிரி வரையுறது லேசுப்பட்ட வேலையில்லம்மா." வரிசை முடியும்வரை எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமா சந்தோஷமா என்று சொல்ல முடியாதபடி திறந்திருக்கும் வாய். காரை பெயர்ந்த சுவரில், நாள்பட்ட நிறத்தில், அது இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது.

அங்கே உட்கார்ந்துதான் பேனர் வரைந்த கதையைச் சொன்னார். உள்ளங்கை அளவு ஸ்டில் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார்களாம், துணியில் அதே கட்டத்தைப் பெரிதாகப் போட்டு, கட்டம் கட்டமாக நிரப்புவார்களாம். பக்கத்தில் நின்று வரைபவனுக்குத் தான் வரைவது மூக்கா தோளா என்றே தெரியாது, தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். கண்ணை மட்டும் கடைசிவரை தொடமாட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "கண்ணை வரைஞ்சிட்டா அது நம்மளைப் பார்க்க ஆரம்பிச்சிடும். அப்புறம் தைரியமா கை வைக்க முடியாது."

மூன்றாம் நாள், வெள்ளி

விடிந்ததிலிருந்து மழை. எங்கேயும் போகவில்லை. அத்தை மீன் தலைக் கறி வைத்தார், வேறு என்ன வேண்டும்.

மத்தியானம் மாமா தன் அப்பாவின் நாடகங்களைப் பற்றிப் பேசினார். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்மரங்களுக்கு நடுவே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரன் எல்லாம் போட்டிருக்கிறார்கள். இருந்தது மூன்றே சீன் படுதா. ஒரு அரண்மனை, ஒரு காடு, ஒரு தெரு. அதே அரண்மனைதான் அயோத்தி, அதேதான் இந்திர சபை. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லையாம்.

இந்தப் படுதாவுக்கும் பினாங்குக்கும் ஒரு பெரிய தொடர்பு இருக்கிறது, இதைத் தமிழர்கள் பலர் கவனித்ததில்லை. பம்பாயிலிருந்து கிளம்பிய பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. அவர்களுடைய வரைந்த திரைகளும் ஜோடனைகளும் ஹார்மோனியமும் பாட்டும் தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து மேடையில் வந்து கலந்தன. அதே பார்சி நாடகம் 1870களில் கப்பலேறிப் பினாங்குக்கும் வந்தது. இங்குள்ளவர்கள் அதைப் பார்த்து, மலாய் மொழியில் பேசிப் பாட ஆரம்பித்ததுதான் பங்சாவான். மாமாக் புஷி என்பவர் 1885இல் பினாங்கில் தொடங்கிய கம்பெனியைத்தான் அதற்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். சீன் மாற்றும் நேரத்தில் திரைக்கு முன்னால் ஒருவர் வந்து பாடுவார், ஆடுவார், சிரிக்கவைப்பார். நம் பபூன் செய்கிற அதே வேலை. ஆக, மாமாவின் அப்பா பால்மரத்துக்கு நடுவே கட்டிய படுதாவும், ஜார்ஜ் டவுனில் மலாய்க்காரர்கள் கட்டிய படுதாவும் ஒரே வயிற்றில் பிறந்தவை. எனக்கு இதை நினைக்க நினைக்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

தாலியைப் பற்றி இன்றும் கேட்டேன். "நாளைக்கு ஒரு படம் பார்ப்போம், அப்புறம் சொல்றேன்" என்றார்.

நான்காம் நாள், சனி நள்ளிரவு

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும், தூக்கமும் வரவில்லை.

காலையில் மலாய் சினிமாவின் பெரிய கலைஞர் பி. ராம்லி பிறந்த வீட்டுக்குப் போனோம். அவர் பெயரையே வைத்த சாலையில் இருக்கிறது. 22 மார்ச் 1929இல் பிறந்தார். அச்சேயிலிருந்து வந்த அவருடைய அப்பா 1926இல் கட்டிய மரவீடு, கால்களின் மேல் நிற்கும் சின்ன வீடு. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அப்படி எழுதியவர்கள் வாசல் படியில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க வேண்டும். நடித்து, இயக்கி, இசையமைத்து, பாடி, 44 வயதில் 1973இல் போய்விட்ட மனிதர் இந்தப் படியில்தான் தத்தி நடந்தார்.

ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) படத்தை இயக்கியவர் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்து சின்ன வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ மலாய்ப் படங்களை எடுத்த காலத்தில் பி.எஸ். ராஜ்ஹான்ஸ், எஸ். ராமநாதன், பி.என். ராவ், பனி மஜும்தார் என்று வரிசையாக இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர்கள்தான். நடிகர்களில் பலர் பங்சாவான் மேடையிலிருந்து வந்தவர்கள். மேடையில் ஆளைப் பார்த்து நேராக நின்று பேசிப் பழகியவர்களும், நம் கம்பெனி நாடகப் பழக்கத்தில் ஊறிய இந்திய சினிமாவிலிருந்து வந்தவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் சேர்ந்தால் படம் எப்படி இருக்கும்? பழைய மலாய்ப் படங்களைப் பார்க்கும்போது ஏதோ சித்தப்பா வீட்டுக்குப் போன மாதிரி இருப்பது இதனால்தான் போல.

இரவு 'இபு மெர்துவாக்கு' பார்த்தோம். 'என் மாமியார்' என்று அர்த்தம். 1962, ராம்லியே இயக்கி நடித்தது. அத்தை பதினைந்தாவது தடவையாகப் பார்க்கிறாராம். பார்க்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுங்கள், கதையைச் சொல்லாமல் நான் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் சபாரியா என்ற பணக்காரப் பெண், ரேடியோவில் காசிம் செலாமாட்டின் இசையைக் கேட்டு மயங்குகிறாள். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே காதல், காது வழியாக. அவள் அம்மாவுக்கோ பாட்டுக்காரன் என்றாலே கீழ்த்தரம். சொத்து வேண்டாம் என்று கிளம்பிப் பினாங்குக்கு வந்து இருவரும் வறுமையில் வாழ்கிறார்கள். கர்ப்பமான மகளை அம்மா அழைத்துப் போய்விட்டு, செத்துவிட்டாள் என்று பொய் சொல்கிறாள். காசிம் அழுது அழுது கண் தெரியாமல் போய்விடுகிறான். பிறகு வேறு பெயரில், குருட்டு இசைக்கலைஞனாக மேடையில் வாசிக்கிறான். சபாரியாவை இப்போது மணந்திருப்பவர் ஒரு கண் மருத்துவர். அவர்தான் காசிமுக்குப் பார்வையைத் திருப்பிக் கொடுக்கிறார். உண்மை தெரிந்ததும் காசிம் இரண்டு முட்கரண்டிகளால் தன் கண்களையே குத்திக்கொள்கிறான்.

அந்த முட்கரண்டிக் காட்சியைப் பற்றி மலேசியாவில் பேசாதவர்கள் இல்லை. அளவுக்கு மீறிய மெலோடிராமா என்று ஒதுக்குபவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கத்தி இருக்க, கண்ணாடித் துண்டு இருக்க, ஏன் முட்கரண்டி? கையால் சாப்பிடுகிற வீட்டில் முட்கரண்டிக்கு என்ன வேலை! அது மாமியாரின் மேசையைச் சேர்ந்த பொருள், அந்தப் பணத்தின், அந்த நாகரிகத்தின் பொருள். அவனை உள்ளே விடாத மேசையின் கருவியால் அவன் தன்னைக் குத்திக்கொள்கிறான் என்று பார்த்தால் அந்தக் காட்சி வேறு ஒன்றாகிவிடுகிறது. இன்னொன்று. இந்தப் படம் முழுக்கக் காது உண்மை சொல்கிறது, கண்ணுக்கும் கடுதாசிக்கும் பொய்தான் வருகிறது. ரேடியோவில் கேட்ட இசை பொய்யில்லை. கண் திரும்பி வந்தபோது அவன் பார்க்க நேர்ந்தது எதுவும் அவனால் தாங்க முடியாதது.

கிரேக்கத்து ஈடிபஸும் தன் கண்ணைத் தானே குத்திக்கொண்டவன். தன் மனைவி யோகாஸ்டாவின் ஆடையில் இருந்த ஊசிகளை எடுத்துக் குத்திக்கொள்கிறான். ஆனால் நாடகத்தை எழுதிய சோபோகிளிஸ் அதை மேடையில் நடத்தவில்லை, உள்ளே நடக்கிறது, ஒரு தூதுவன் வெளியே வந்து சொல்கிறான், கேட்பவர்கள்தான் மனதுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டும். குருடனான பின்தான் அவன் நம் முன்னால் வருகிறான். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்தக் காட்சி பலிக்கிறது என்றால், காட்டாமல் விட்டதற்கும் அதில் பங்கு இருக்கிறது.

படம் முடிந்து அத்தை தூங்கப் போன பிறகு மாமா ஒரு கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். "வலது கண்ணுல வெள்ளை வெள்ளையா இருக்கு. இடது கண்ணுல தேத்தண்ணி ஊத்துன மாதிரி. ராம்லி சட்டை இவ்வளவு வெள்ளைன்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." அப்புறம், நான் கேட்காமலே, சொன்னார்.

அவர் அப்பா அரிச்சந்திரன். சந்திரமதியாக நடித்ததும் ஒரு ஆண்தான், பால் வெட்டுக்குப் போகிறவர், பெயர்பெற்ற ஸ்திரீபார்ட். முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் வருவாராம். தாலியை விற்றுக் கொடு என்கிற வார்த்தை வரும்போது சபைக்கு முதுகைக் காட்டி அரிச்சந்திரனுக்கு நேராகத் திரும்புவாராம். முந்தானை அங்கே விலகுமோ விலகாதோ, உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. தெரிவது அரிச்சந்திரன் முகம் மட்டும்தான். "எங்கப்பா முகத்தைப் பார்த்தா தாலி தெரியும்" என்றார் மாமா. "உள்ள அவர் தாலி கட்டியிருந்தாரா இல்லையான்னு நான் ஒரு தடவை கேட்டேன். எங்கப்பா சொல்லவே இல்லை. சாகுறவரைக்கும் சொல்லலை."

ஐந்தாம் நாள், ஞாயிறு, ஃபெரிக்குக் காத்திருக்கும்போது

காலையில் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில். 1833இல் எழுந்த கோயில், பினாங்கின் மூத்த இந்துக் கோயில். மாமா எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றுகொண்டார், அந்தக் காலத்தில் பேனரைப் பார்க்கத் தெருவைத் தாண்டி ஓடின மாதிரி. கண்ணாடியைக் கழற்றி, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, கோபுரத்துச் சுதைகளை அடுக்கடுக்காகப் பார்த்தார். நீலம் எல்லாம் புதிதாக அடித்திருக்கிறார்களா என்று கேட்டார். அடித்த மாதிரி தெரியவில்லை என்றேன். "அப்போ இது இத்தனை நாளா இங்கேயேதான் இருந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

கோயில் சிலைகளுக்கும் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள், தெரியும்தானே.

மாமாவின் அப்பா காலத்து முறையை அப்படியே செய்தால் போதுமா என்றால், போதாது என்றுதான் தோன்றுகிறது. எங்கள் மேடை பள்ளி மண்டபம், வெளிச்சம் அதிகம், பக்கவாட்டிலும் ஆட்கள் உட்காருவார்கள், முதுகைக் காட்டினாலும் ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கழுத்து தெரியும். இரண்டு ஓரங்களிலும் நாற்காலி போட வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். முன்வரிசையில் நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அரிச்சந்திரனை அந்தப் பக்கம் பார்த்து நிற்கச் சொல்லிப் பார்க்கலாம் என்றும் ஒரு எண்ணம், கூ கொங்சி முற்றத்திலிருந்து அது விடாமல் கூடவே வருகிறது. சந்திரமதியாக நடிக்கும் பெண் தாலியோடு நிற்பதா இல்லாமல் நிற்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

அந்தக் கேள்வி கேட்ட பையன் இதுவரை வீரபாகு வேஷத்தில் இருக்கிறான். செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் அரிச்சந்திரன் வசனத்தை ஒரு தடவை அவனைப் பேசச் சொல்லி, அவன் கண் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.